சாட்சி எத்தனை?

உத்தமபாளையம்,
தை 22

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. ரெண்டாம் போகம் பால் பிடித்து நிற்கிறது. உங்கப்பன் தினமும் காலையில் வரப்பில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போகிறான்.

நீ அனுப்பிய முதல் இயலை ரெண்டு தடவை படித்தேன். நம் பள்ளத்தாக்கின் தண்ணீரைப் பற்றி நம் வீட்டுப் பிள்ளை முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1886 அக்டோபர் 29ல் போட்ட 999 வருஷக் குத்தகை, 1895 அக்டோபரில் முல்லைப் பெரியாறு அணை திறப்பு, இருபோக நிலம் 14,707 ஏக்கர் எல்லாம் சுத்தமாக வந்திருக்கிறது. பதினோராம் பக்கத்தில்தான் நின்றுவிட்டேன். அரசாங்கம் பணத்தை நிறுத்தியபோது அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் இங்கிலாந்தில் இருந்த தன் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று எழுதி, கீழே ஐந்து அடிக்குறிப்பு கொடுத்திருக்கிறாய். ஐந்து நூல் சொல்கிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்கும்.

அந்த ஐந்தையும் எடுத்துப் பார்த்தேன். நாலு நூல்கள் உன் பட்டியலில் மூன்றாவதாக இருக்கிற நூலைக் காட்டுகின்றன. அந்த மூன்றாவது நூல் ஒரு விழா மலரில் வந்த கட்டுரையைக் காட்டுகிறது. அந்தக் கட்டுரையை எழுதியவன் நான்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் உனக்குச் சொல்லியாக வேண்டும். இருபது வருஷத்துக்கு முன்னால் அந்த மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். நூலகத்தில் வேலை பார்க்கிறவர், உங்களுக்குத் தெரியாததா என்றார்கள். எப்போதோ ஒரு வாரப் பத்திரிகையில் படித்து வெட்டி வைத்திருந்த துண்டை வைத்துக்கொண்டு எழுதினேன். அந்தத் துண்டில், ‘சொத்தை விற்றதாகப் பெரியவர்கள் சொல்வார்கள்’ என்று இருந்தது. நான் ‘சொல்வார்கள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘விற்றார்’ என்று போட்டேன். வாக்கியம் அப்போதுதான் நிமிர்ந்து நிற்கும் என்று நினைத்தேன். அந்த ஒரு சொல் போனதால், ஊர்ப்பேச்சாக இருந்தது வரலாறாக அச்சேறிவிட்டது. பிறகு அதை ஒரு நூல் எடுத்தது, அந்த நூலை நாலு நூல்கள் எடுத்தன, இப்போது என் வீட்டுப் பிள்ளையின் ஆய்வேட்டுக்கே அது வந்து நிற்கிறது.

பென்னிகுயிக் மீது எனக்குள்ள மரியாதை இதனால் ஒரு துளியும் குறையவில்லை. ஜனவரி 15ல் லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் பொங்கல் வைக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். அவர் கட்டிய அணைதான் நம் சோறு. அவரைப் பற்றி எழுதும்போது சரியாக எழுத வேண்டும் என்பதும் அதனால்தான். நீ தேடிப்பிடித்துப் படிக்க வேண்டியது ஏ.டி. மெக்கன்சி எழுதிய பெரியாறு திட்ட வரலாறு. அந்த வேலையிலேயே இருந்த பொறியாளர் அவர். அணை திறந்து நாலு வருஷத்தில், 1899ல், சென்னை அரசு அச்சகத்தில் வந்தது. மதிப்பீடு, செலவு, கூலி, காய்ச்சல், வெள்ளத்தில் போனது எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் படி. பணம் எங்கிருந்து எப்போது வந்தது என்பதை அதில் பார்த்துவிட்டு அந்தப் பதினோராம் பக்கத்தைத் திரும்ப எழுது.

நம் பக்கத்தில் புது ஆள் யாராவது வந்தால் முதலில் கேட்கிறது என்ன? ‘நீங்க யாரு வகையறா?’ அப்பன் யார், பாட்டன் யார், பெண் எடுத்தது எங்கே என்று கேட்டு முடித்த பிறகுதான் செம்பில் தண்ணீரே வரும். ஒரு நூலைக் கையில் எடுத்தாலும் அதைத்தான் கேட்க வேண்டும். இது யாரைப் படித்துவிட்டு எழுதியது? இதைப் படித்துவிட்டு யார் எழுதினார்கள்? முதல் கேள்விக்கான பதில் நூலின் கடைசிப் பக்கங்களில் துணைநூற்பட்டியலாக இருக்கிறது. ரெண்டாவது கேள்விக்கான பதில் எந்த நூலுக்குள்ளும் இருக்க முடியாது, அது எழுதப்பட்ட பிறகு நடந்தது அல்லவா. அதற்குத்தான் மேற்கோள் தரவுத்தளங்கள்.

இப்படிப் பட்டியல் போடுவதை வக்கீல்களுக்காக முன்பே செய்திருக்கிறார்கள். ஒரு பழைய தீர்ப்பைப் பிற்பாடு வந்த தீர்ப்புகள் ஏற்றனவா தள்ளினவா என்று தெரியாமல் வழக்காட முடியாது. அதனால் அமெரிக்காவில் ஃபிராங்க் ஷெப்பர்டு என்பவர் 1873லேயே அதற்குப் பட்டியல் போட ஆரம்பித்தார். அதைப் பார்த்துத்தான் யூஜின் கார்ஃபீல்டு அறிவியலுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று 1955ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார், 1964ல் வெளியிடவும் செய்தார். இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ் அதன் வாரிசு. ஸ்கோப்பஸும் கூகுள் ஸ்காலரும் 2004ல் வந்தவை.

இனி உட்கார்ந்து செய்வதைச் சொல்கிறேன். ஆனந்த் பாண்டியன் எழுதிய ‘க்ரூக்கட் ஸ்டாக்ஸ்’ நூலை எடுத்துக்கொள். நம் கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி, உழவையும் மனிதரின் நடத்தையையும் சேர்த்து எழுதிய மானுடவியல் நூல், டியூக் பல்கலைக்கழகம் 2009ல் வெளியிட்டது. கூகுள் ஸ்காலரில் தலைப்பைப் போட்டால் கீழே ‘சைட்டட் பை’ என்று ஓர் எண்ணோடு வரும். அதைத் தொடு. ஒரு நீளமான பட்டியல் திறக்கும். எல்லோரும் அங்கே திணறிப்போய் மூடிவிடுகிறார்கள். மேலே, மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குள் மட்டும் தேடு என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் டிக் செய்துவிட்டு ‘இரிகேஷன்’ என்று போடு. பட்டியல் சுருங்கி, தண்ணீரைப் பற்றிப் பேசுகிறவை மட்டும் மிஞ்சும். அதற்கப்புறம் ‘பெரியார்’ என்று ஆங்கிலத்தில் போடு. ஈரோட்டுப் பெரியாரும் சேர்ந்து வருவார், அவரைப் பிரித்து வைத்துவிடு.

பெயர்கள் படுத்தும். கம்பத்தை ஆங்கிலத்தில் ரெண்டு மாதிரி எழுதுகிறார்கள், பிரமலைக் கள்ளர் பெயருக்கும் அப்படியே, முல்லைப் பெரியாறுக்கு அதற்கு மேலும் உண்டு. எல்லா எழுத்துக்கூட்டலிலும் தனித்தனியே தேடு. தேனி மாவட்டம் பிறந்தது 1997ல், அதற்கு முந்தியதெல்லாம் மதுரைப் பெயரில்தான் கிடக்கும். 1808ல் பெரியாற்றைத் திருப்ப முடியுமா என்று பார்க்க வந்த கால்டுவெல் வேறு, நம் ஒப்பிலக்கணக் கால்டுவெல் வேறு. பாதிரியார் பிறந்ததே 1814ல்தான். லூயி துய்மோன் பிரமலைக் கள்ளரைப் பற்றி எழுதிய நூல் 1957ல் பிரெஞ்சில் வந்தது, 1986ல் ஆங்கிலத்தில். தரவுத்தளம் அதை ரெண்டு நூலாகக் கணக்கு வைக்கும். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதி வாரிசுகள் உன் கண்ணில் படமாட்டார்கள்.

எண்ணைப் பார்த்து மயங்காதே. நூறு பேர் காட்டினார்கள் என்றால் நூறு பேர் ஏற்றார்கள் என்று அர்த்தம் இல்லை. மறுப்பதற்காகவே துய்மோனைக் காட்டியவர்கள் நிறைய. எந்த வாக்கியத்தில் காட்டினார்கள் என்று திறந்து படித்தால்தான் தெரியும்.

இப்போது சொல்லப் போவதை நிதானமாகப் படி, தாயி. நெல்சன் என்ற சிவில் அதிகாரி 1868ல் மதுரை மாவட்டக் கையேடு எழுதினார். அதில் கள்ளர் சமூகத்தைப் பற்றித் தன் பார்வையில் எழுதி வைத்தார். 1906ல் பிரான்சிஸின் மதுரை கெசட்டியர் வந்தது. 1909ல் தர்ஸ்டன், ரங்காச்சாரியோடு சேர்ந்து தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதி வெளியிட்டார். கள்ளர் பற்றிய இடத்தில் அவர் நெல்சனைப் பத்தி பத்தியாக எடுத்துப் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வந்தவர்கள் தர்ஸ்டனைக் காட்டினார்கள். படிக்கிறவனுக்கு வரிசையாக நூல்கள் ஒரே குரலில் சொல்வதாகத் தெரியும். நூல் பிடித்து மேலே போனால் பல இடங்களில் பழைய சாட்சி ஒருவர்தான், அவரும் ஓர் அதிகாரி. 1871ல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அந்தச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு சமூகத்தையே குற்றவாளி என்று எழுதிய சொல் புத்தகத்திலிருந்து புத்தகத்துக்கு நகர்ந்த காலமும் அதுதான். 1978ல் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் அந்தப் பட்டத்தையே மறுபரிசீலனை செய்து கட்டுரை எழுதினார். அவரை யார் யார் காட்டியிருக்கிறார்கள், அவருக்குப் பிறகும் அவரைப் பார்க்காமல் தர்ஸ்டனையே காட்டுகிறவர்கள் யார் என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார். உன் ரெண்டாம் இயலுக்கு வேண்டியது அதில் இருக்கிறது. நெல்சனும் பிரான்சிஸும் தர்ஸ்டனும் ஸ்கேன் செய்த பிரதிகளாக இணையத்தில் கிடைக்கிறார்கள், ரெண்டாம் கையாக எடுப்பதற்குக் காரணமே இல்லை.

தமிழில் எழுதியவற்றுக்கு இந்தத் தரவுத்தளங்களில் இடம் மிகக் குறைவு. அங்கே இல்லை என்பதால் யாரும் எழுதவில்லை என்று உன் ஆய்வேட்டில் எழுதிவிடாதே, அது நம் ஆட்களுக்குச் செய்கிற அநியாயம். சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் தமிழ் ஆய்வேடுகள் இருக்கின்றன. எது எதைக் காட்டியது என்று அங்கே எந்தப் பொத்தானும் சொல்லாது. ஒவ்வொன்றின் கடைசியிலும் போய்த் துணைநூற்பட்டியலைக் கண்ணால் பார்த்து, நோட்டில் கோடு போட்டுக் குறிக்க வேண்டியதுதான்.

இந்த வேலை நமக்குப் புதிதும் இல்லை. நச்சினார்க்கினியர் உரையில் நூல்பெயர் சொல்லாமல் எத்தனையோ மேற்கோள்கள் வரும். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உட்கார்ந்த உ.வே.சா., அவை எந்த நூலில் உள்ளவை என்று தவித்து, எட்டுத்தொகை ஏடுகள் கைக்கு வந்தபோது ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். கணினி இல்லை, அச்சுநூல்கூட இல்லை. மயிலை சீனி. வேங்கடசாமி இன்னொரு படி போனார். உரைகாரர்கள் காட்டிய மேற்கோள்களை வைத்தே அழிந்துபோன நூல்களின் பெயர்களையும் மிஞ்சிய வரிகளையும் திரட்டி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ எழுதினார். ஒரு மேற்கோளை ஒழுங்காகக் கொடுத்தால், நூலே அழிந்தாலும் அதன் தடம் நிற்கும் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? அந்தப் புத்தகத்தை வாங்கி மேஜைமேல் வை.

இன்னொன்று. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் நூற்பட்டியல் கேட்காதே. ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் கச்சிதமாக வைத்து சில சமயம் இல்லாத கட்டுரையைக் கொடுத்துவிடும். கையில் எடுத்துத் திறக்காத எதுவும் உன் அடிக்குறிப்பில் வரக்கூடாது.

மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு நீ போய் வருவதாக எழுதியிருந்தாய். 2021ல் அந்த இடம் முடிவானபோது, அங்கே இருந்த பழைய கட்டடம் பென்னிகுயிக் குடியிருந்த வீடு என்று எதிர்ப்பு கிளம்பியது. அவர் 1911 மார்ச்சிலேயே இறந்துவிட்டார், கட்டடம் அதற்குப் பிறகுதான் எழுந்தது என்று அரசுத் தரப்பில் ஆவணம் காட்டிப் பதில் சொன்னார்கள். நீ உட்கார்ந்து படிக்கிற இடத்துக்கே இப்படி ஒரு கதை இருக்கிறது. இதையும் என் பேச்சை நம்பி எழுதாதே. அந்தக் காலத்துச் செய்தித்தாள்களை எடுத்து, எந்த ஆவணம், எந்த ஆண்டு என்று பார்த்துக்கொள்.

அந்த மூன்றாவது நூலின் ஆசிரியருக்கு நான் போன வாரமே கடிதம் எழுதிவிட்டேன். என் கட்டுரையில் உள்ள தவறு என்னுடையது, அடுத்த பதிப்பில் திருத்திவிடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். மலரின் என் பிரதியை உங்கப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன், கூடவே சுருளிப்பட்டி பன்னீர் திராட்சை ரெண்டு கிலோ. மலரில் அந்தப் பக்கத்தில் காகிதம் செருகி வைத்திருக்கிறேன். நான் எடுத்துவிட்ட சொல்லை அதே இடத்தில் பென்சிலால் திரும்ப எழுதியிருக்கிறேன், பார்.

இப்படிக்கு,
பெரியப்பா