கதவை உடைச்சா கணக்கு எழுதணும்

லேபில் ஒரு ஐசி எரிஞ்சாலே ரெஜிஸ்டரில் எழுதச் சொல்வாங்க. போலீஸ் ஒரு வீட்டுக் கதவை உடைச்சா எங்கே எழுதணும்?

2008 ஜூலையில், அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் பெர்வின் ஹைட்ஸ் ஊர் மேயர் செய் கால்வோவின் வீட்டுக்குள் ஸ்வாட் எனும் அதிரடிப் படை கதவை உடைத்து நுழைந்தது. அவர் பெயருக்கே தொடர்பில்லாத, மனைவி பெயரில் வந்த கஞ்சா பார்சல்தான் காரணம். இரண்டு நாய்களையும் சுட்டுட்டாங்க. கடத்தல்காரங்க அப்பாவிகளின் முகவரிக்கு அனுப்பி, நடுவுல எடுத்துக்கிற பார்சல் அதுன்னு பிறகுதான் தெரிஞ்சது.

கால்வோவின் முயற்சியால் 2009-ல் ஒரு சட்டம் வந்தது. ஆறு மாசத்துக்கு ஒருமுறை, ஸ்வாட் வைத்திருக்கும் ஒவ்வொரு காவல் துறையும் எழுதித் தரணும்: ஏன் போனீங்க, கதவை உடைச்சீங்களா, சுட்டீங்களா, யாருக்காவது அடியா, வளர்ப்புப் பிராணி செத்ததா. (கடைசிக் கேள்வி எங்கிருந்து வந்ததுன்னு புரியுதுல்ல?)

நான் பணயக்கைதி, துப்பாக்கிச் சண்டைன்னு சினிமா மாதிரி நினைச்சேன். கணக்கில் வருஷத்துக்கு 1,600-க்கும் மேல் இருந்தது. அதில் ஏறக்குறைய 90% வெறும் சோதனை வாரன்ட்.

சட்டத்துக்குள்ளேயே முடிவு தேதியும் இருந்தது. 2014-ல் காலாவதி ஆச்சு, நீட்டிக்கலை. அதே வருஷம் யூட்டா மாநிலம் இதே மாதிரி சட்டம் போட்டது. அங்கே அதிரடிப் படை வராமல் கதவை உடைச்சாலும் எழுதணும்.