உடலுக்குள் இருக்கும் கருவிக்குக் கம்பியில்லா மின்சாரம்

பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர்கள் மறுபரிசோதனைக்கு வரும்போது எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "கைப்பேசியை மேசைமேல் வைத்தாலே சார்ஜ் ஏறுகிறதே, நெஞ்சுக்குள் இருக்கும் இதற்கு அவ்வாறு ஏற்ற இயலாதா?" இயலும். ஆனால், பேஸ்மேக்கரைப் பொறுத்தவரை அது தேவைப்படுவதில்லை.

1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டலே இதன் அடிப்படை. ஒரு கம்பிச்சுருளில் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருந்தால், அருகிலுள்ள மற்றொரு சுருளிலும் மின்சாரம் பிறக்கும். இடையில் தோல் இருப்பது பெருந்தடையன்று, தூரமே தடை. சுருள்கள் விலகினாலோ, நேருக்கு நேர் அமையாமற்போனாலோ ஆற்றல் விரைந்து குறையும். செவித்திறனற்ற குழந்தைகளுக்குப் பொருத்தப்படும் காக்ளியர் இம்ப்ளான்ட் இவ்வழியில்தான் இயங்குகிறது. காதின் பின்புறம் ஒட்டியிருக்கும் வட்டச் சுருள் ஒலிக்குறிப்பையும் மின்சாரத்தையும் சேர்த்தே உள்ளே அனுப்புகிறது.

1958இல் சுவீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தப்பட்ட, உலகின் முதல் உட்பதி பேஸ்மேக்கரே வெளியிலிருந்து மின்தூண்டலால் சார்ஜ் ஏற்றக்கூடியதாகத்தான் இருந்தது. அது சில மணி நேரமே இயங்கியது. அதன்பின் பல கருவிகளை மாற்றிக்கொண்ட அவர் 86 வயதுவரை வாழ்ந்தார். 1970களில் லித்தியம் பேட்டரி வந்ததும் சார்ஜ் ஏற்றும் முறை வழக்கொழிந்தது. மறந்தால் உயிருக்கே ஆபத்தாகும் ஒரு வேலையை நோயாளியிடம் ஒப்படைப்பதைவிட, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறு அறுவைசிகிச்சையில் கருவியை மாற்றுவதே பாதுகாப்பானது என்பது எங்கள் கருத்தும் ஆகும். அப்போதும் இதயத்திற்குச் செல்லும் மின்கம்பிகள் பெரும்பாலும் அப்படியே விடப்படும்.

உண்மையான தேவை வேறிடத்தில் உள்ளது. பேஸ்மேக்கருக்கு வாட்டில் பத்து இலட்சத்தில் சில பங்குகளே போதும். செயலிழந்த இதயத்திற்குத் துணைநிற்கும் எல்.வி.ஏ.டி. பம்புக்கோ இடைவிடாமல் சில வாட்டுகள் வேண்டும். ஆகவே வயிற்றுத் தோலைத் துளைத்து வெளிவரும் கம்பியுடன் நோயாளி வாழ்கிறார். அந்தத் துளையே கிருமிகளுக்கு வாசல். கம்பியை அகற்றிவிட்டால் தொற்றுக்கான பெருவழி அடைபடும், அச்சமின்றிக் குளிக்கலாம்.

2001இல் அமெரிக்காவில் பொருத்தப்பட்ட அபியோகோர் செயற்கை இதயம் தோல்வழியே மின்சாரம் பெற்றது. பின்னர் கசகஸ்தானின் அஸ்தானாவில் இரு நோயாளிகளின் பம்புகளைக் கம்பியின்றி இயக்கிக் காட்டினர். அதன் விவரம் 2019இல் மருத்துவ இதழில் வெளியானது. எனினும் உட்சுருளின் வெப்பம் திசுக்களைத் தாக்கக்கூடாது. உறக்கத்தில் சுருள் நழுவினாலும் பம்பு நிற்கக்கூடாது. அதற்காக உள்ளே வைக்கும் பேட்டரியும் ஒருநாள் மாற்றப்படவேண்டும். இவை தீரும்வரை கம்பியே வழி. கம்பி வெளிவரும் இடத்தில் சிவப்பு, நீர்க்கசிவு, வலி, காய்ச்சல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றைக்கே எங்களை அணுகுங்கள். மறுபரிசோதனை நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டிலுள்ள சார்ஜர் குறித்தும் ஒரு சொல். காந்தம் பொதிந்த கைப்பேசிகள் மிக அருகில் வந்தால் பேஸ்மேக்கரின் இயக்கமுறை மாறக்கூடும், ஐ.சி.டி. கருவி தேவையான அதிர்ச்சியைத் தராமலும் போகலாம். விலக்கியதும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். கைப்பேசியைக் கருவியிலிருந்து 15 செ.மீ.க்கு அப்பாலும், கம்பியில்லா சார்ஜரில் இருக்கும்போது 30 செ.மீ.க்கு அப்பாலும் வையுங்கள். சட்டைப்பையில் வேண்டாம், தலையணைக்கு அருகிலும் வேண்டாம்.