ஆய்வுத் தரவைப் பொதியாகக் கட்டுதல்: ஐந்து படிகள்

ஆய்வுத் தரவு கைமாறும்போது சிதையாமல் போய்ச்சேர வேண்டும். திரட்டியவர் அருகில் இல்லாதபோதும் பிறருக்குப் புரிய வேண்டும். முதல் தேவைக்கு ‘பேகிட்’ என்ற பொதித் தரநிலையும், இரண்டாவதற்கு ‘டேட்டாசைட்’ மீத்தரவுத் திட்டமும் உதவுகின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் கலிபோர்னியா டிஜிட்டல் நூலகமும் வளர்த்தெடுத்த பேகிட், 2018-இல் ஆர்எஃப்சி 8493 ஆவணமாக வெளியானது. மழைமானிப் பதிவுகளுக்கு இவற்றைப் பயன்படுத்தும் முறை இது.

1. கோப்புகளைச் சீராக்குதல்

குறிப்பிட்ட மென்பொருளில் மட்டும் திறக்கும் அட்டவணைகளை யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சிஎஸ்வி கோப்புகளாகச் சேமிக்க வேண்டும். 03/04/2021 என்பதை ஒருவர் ஏப்ரல் 3 என்பார், இன்னொருவர் மார்ச் 4 என்பார். ஐஎஸ்ஓ 8601 முறைப்படி 2021-04-03 என எழுதினால் இந்தக் குழப்பம் இல்லை.

2. தரவு அகராதி எழுதுதல்

ஒவ்வொரு நிரலின் பெயர், பொருள், அலகு ஆகியவற்றைத் தனிக் கோப்பில் குறிக்க வேண்டும். மழையளவு மில்லிமீட்டரிலா, அங்குலத்திலா? 0 என்றால் மழை இல்லை; வெற்றிடம் என்றால் அளவெடுக்கவில்லை. இதை எழுதி வைக்காவிட்டால், கருவி பழுதான நாள்களும் மழையில்லா நாள்களாகக் கணக்கில் ஏறிவிடும்.

3. மீத்தரவை நிரப்புதல்

டேட்டாசைட் கட்டாயமாகக் கேட்பவை ஆறு: அடையாளங்காட்டி, உருவாக்கியவர், தலைப்பு, வெளியிடுபவர், வெளியீட்டு ஆண்டு, வள வகை. அடையாளங்காட்டியான டிஓஐ எண்ணை ஜெனோடோ போன்ற களஞ்சியத்தில் முன்கூட்டியே ஒதுக்கிப் பெறலாம். உருவாக்கியவரின் ஆர்க்கிட் எண்ணைச் சேர்த்தால் ஒரே பெயருள்ள இருவர் ஒருவராகிவிட மாட்டார்கள். உரிமம் கட்டாயமில்லை, ஆனால் அது இல்லாத தரவைப் பிறர் எடுத்தாளத் தயங்குவார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றைக் குறிப்பிடுவது நல்லது.

4. பொதி கட்டுதல்

பேகிட் பொதியில் மூன்று உறுப்புகள் இன்றியமையாதவை. தரநிலையின் பதிப்பையும் எழுத்துக் குறியாக்கத்தையும் அறிவிக்கும் இருவரிக் கோப்பு ஒன்று. தரவு, அகராதி, மீத்தரவு யாவும் அடங்கும் ‘டேட்டா’ கோப்புறை மற்றொன்று. அதிலுள்ள ஒவ்வொரு கோப்புக்கும் உரிய சரிபார்ப்புத் தொகையைப் பட்டியலிடும் கோப்பு மூன்றாவது. எஸ்எச்ஏ-512 முறையில் அத்தொகை 128 எழுத்துகள் நீளும். கையால் எழுத வேண்டியதில்லை; நாடாளுமன்ற நூலகத்தின் ‘பேக்கர்’ மென்பொருளே உருவாக்கித் தரும்.

5. சரிபார்த்து ஒப்படைத்தல்

பொதியை வேறொரு கணினிக்கு நகலெடுத்து, அங்கே சரிபார்ப்பை ஓட்ட வேண்டும். ஒரு பைட் மாறியிருந்தாலும் தொகை பொருந்தாது. ஆனால் தொடக்கத்திலேயே தவறாகப் பதிந்த அளவை இச்சோதனை கண்டுபிடிக்காது. ஆய்வில் பங்கேற்காத ஒருவர் அகராதியை மட்டும் துணைகொண்டு அட்டவணையைப் படித்துப் பார்ப்பதே அதற்கான சோதனை. வெளியிட்டபின் பிழை தெரிந்தால் பழைய பொதியைத் தொடாமல், திருத்திய பதிப்பைப் புதிய டிஓஐ எண்ணுடன் வெளியிட வேண்டும்.