செலவு எத்தனை சதவீதம் ஏறியது? போனிலேயே கண்டுபிடிக்கலாம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வாடகைக்குக் குடியிருக்கும் வீடுகளில் வருடா வருடம் எழும் கேள்வி, சம்பளம் ஏறிய அளவுக்குத்தான் செலவும் ஏறியதா என்பது. மனக்கணக்கில் இதற்கு விடை கிடைக்காது. போனில் உள்ள எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் போதும். கீழே உள்ள கட்டப் பெயர்களையும் சூத்திரச் சொற்களையும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. முதல் பத்தியில் (ஏ) பொருளின் பெயர், அடுத்ததில் (பி) பழைய விலை, அதற்கடுத்ததில் (சி) புது விலை. விலைக் கட்டத்தில் எண் மட்டும் இருக்கட்டும். '60 ரூபாய்' என்று சேர்த்து எழுதினால் கணக்கு ஓடாது.

2. 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால், மாதாந்திரப் பால் அட்டை இல்லாதவர்களுக்கு லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ஆனது. பி2-வில் 48, சி2-வில் 60 போட்டு, டி2-வில் =(சி2-பி2)/பி2 என்று தட்டுங்கள். 0.25 வரும். சதவீதப் பொத்தானை அழுத்தினால் 25%. நீங்களாக 100-ஆல் பெருக்க வேண்டாம். பெருக்கிவிட்டுப் பொத்தானையும் அழுத்தினால் 2500% என்று காட்டும். அடைப்புக்குறியும் முக்கியம். அதை விட்டால் வகுத்தல் முதலில் நடந்து, விடை 59 என்று வந்து நிற்கும்.

3. டி2-வை நகலெடுத்து, அதற்குக் கீழே உள்ள கட்டங்களில் ஒட்டினால் மற்ற வரிகளுக்கும் சூத்திரம் தானே பொருந்தும்.

4. வகுக்க வேண்டியது எப்போதும் பழைய எண்ணால். 48 ரூபாய் 60 ஆனால் ஏற்றம் 25%. அதே 60 திரும்ப 48 ஆனால் இறக்கம் 20% மட்டுமே. கூடியதும் குறைந்ததும் அதே 12 ரூபாய்தான். 'இத்தனை சதவீதம்' என்று யார் சொன்னாலும், எந்த எண்ணிலிருந்து என்று கேளுங்கள்.

5. சதவீதங்களைக் கூட்டி சராசரி எடுக்காதீர்கள். பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது. வாடகை 10,000 ரூபாய் 10,500 ஆகிறது: 5%. தினம் ஒரு லிட்டர் பால், மாதம் 1,440 ரூபாய் 1,800 ஆகிறது: 25%. இரண்டுக்கும் சராசரி 15% என்றால் தவறு. மொத்தச் செலவு 11,440-லிருந்து 12,300. உண்மையான ஏற்றம் 7.5%தான். பழைய மாதச் செலவுகளுக்கு ஒரு கூட்டல், புது மாதச் செலவுகளுக்கு ஒரு கூட்டல் போட்டு, அந்த வரியில் சூத்திரத்தை ஓட்டுங்கள். சம்பள உயர்வோடு ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

6. போன வருடம் இல்லாத செலவுக்குப் (புதிதாகச் சேர்ந்த டியூஷன் போல) பழைய கட்டம் காலியாக இருக்கும், பிழைச்செய்தி வரும். =இஃப்(பி2=0,"புதிது",(சி2-பி2)/பி2) என்று எழுதிவிட்டால் அந்த இடத்தில் 'புதிது' என்று காட்டும். 0% என்று காட்டும்படி செய்யாதீர்கள், செலவு ஏறவே இல்லை என்று நம்மை நம்பவைத்துவிடும்.

7. கரண்ட் பில்லை முந்தைய பில்லோடு ஒப்பிடுவது வீண். கோடைக்கால இரண்டு மாத பில்லைப் போன வருடக் கோடையின் பில்லோடு ஒப்பிடுங்கள். யூனிட்டுக்கு ஒரு வரி, ரூபாய்க்கு ஒரு வரி. யூனிட் 480-லிருந்து 520 ஆனால் ஏற்றம் 8.3%தான், ஆனால் 500-ஐத் தாண்டியதும் கட்டண விகிதமே மாறுவதால் ரூபாய் அதைவிட அதிகமாக ஏறும். இரண்டு வரியும் பக்கத்தில் இருந்தால்தான் இது தெரியும்.

8. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் ஆகியவற்றின் ஜிஎஸ்டி 18%-லிருந்து 5% ஆனது. விலை 13% இறங்கும் என்று கணக்குப் போட வேண்டாம். வரிக்கு முன் 100 ரூபாயான பொருள் 118-லிருந்து 105 ஆகும். சூத்திரத்தில் போட்டால் இறக்கம் 11%. குறைந்த 13 என்பது வரி விகிதத்தின் புள்ளிகள்.

9. பல வருட ஏற்றத்தை வருடங்களால் வகுத்துவிட்டு, இதுதான் ஆண்டு வளர்ச்சி என்று சொல்லிவிட முடியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருவள்ளூர் மாவட்டம் 2001-ல் 27,54,756 பேர். 2011-ல் 37,28,104 பேர். அன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் அந்த மாவட்டத்தில்தான். பத்தாண்டு ஏற்றம் 35.3%; தமிழ்நாடு முழுக்க 15.6% மட்டுமே. 35.3-ஐ 10-ஆல் வகுத்தால் 3.53. ஆனால் ஒவ்வொரு வருட ஏற்றமும் முந்தைய வருட ஏற்றத்தின் மேல் ஏறுவதால் சரியான விடை =(சி2/பி2)^(1/10)-1, அதாவது ஆண்டுக்கு 3.07%.

10. வாடகைக்கும் இதே கணக்குத்தான். 11 மாத ஒப்பந்தம் முடிந்ததும் 5% ஏற்றினால், அது வருடத்துக்கு 5% ஆகாது. =1.05^(12/11)-1 என்று தட்டிப் பாருங்கள், 5.47% வரும். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதை வீட்டுக்காரரிடம் காட்டி, உயர்வை 12 மாதத்துக்கு ஒருமுறை என்று எழுதக் கேளுங்கள்.