குண்டும் முதற் சீலமும்



ஞாயிறுதோறும் நாம் கூடிப் பஞ்சசீலம் ஏற்கிறோம். அவற்றுள் முதலாவது, உயிர்க்கொலையினின்று விலகி நிற்றல். கண்ணெதிரே ஒருவன் மற்றொருவனைக் கத்தியால் குத்தினால் அச்சீலம் உடைந்தது என்று எவரும் சொல்வர். ஆயின் ஆகாயத்திலிருந்து குண்டு வீசியவனைப் பற்றியோ, மின்வண்டியில் பையை வைத்துவிட்டு இறங்கிப் போனவனைப் பற்றியோ பத்திரிகையில் படிக்குங்கால், நம் நாவில் முதலில் எழும் வினா, "செய்தவன் எந்தப் பக்கத்தான்?" என்பதே. நம் பக்கத்தான் எனில் அவனுக்காகக் காரணம் தேடுகிறோம். பிறன் எனில் சபிக்கிறோம்.

டோம்பிவிலியில் நம் படிப்பு வட்டத்து இளைஞர் சிலர் இதையே வேறு விதமாகக் கேட்டனர்: "அரசு வீசினால் போர் என்கிறார்கள், ஒரு கூட்டம் ஒளித்து வைத்தால் பயங்கரவாதம் என்கிறார்கள். தம்மத்தின் முன் இவை ஒன்றா, வேறா?" இவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம். முதலில் வரலாற்றைக் காண்போம். பின்னர்த் தம்மத்தின் அளவுகோலைக் கையில் எடுப்போம்.

1. குண்டு வளர்ந்த வரலாறு

ஆகாய விமானத்திலிருந்து குண்டு வீசும் வழக்கம் 1911ஆம் ஆண்டில் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள், துருக்கியரோடு லிபியாவில் நடந்த போரில், கவோட்டி என்னும் இத்தாலிய விமானி சிறு எறிகுண்டுகளைத் தம் கையாலேயே கீழே போட்டார்.

மூன்றாண்டு கழிந்து, 1914 செப்டம்பர் 22 இரவில், ஜெர்மானியப் போர்க்கப்பலாகிய எம்டன் சென்னையின்மீது பீரங்கிக் குண்டுகளைப் பொழிந்தது. கப்பல் தலைவர் முல்லர் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்தார். தொட்டிகள் எரிந்தன, மாண்டோர் சிலரே. ஆயினும் நகரம் நடுங்கியது. 'எம்டன்' என்னும் பெயர் தமிழர் பேச்சில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது.

அன்று தொட்டி குறியாக இருந்தது. பின்னர் ஊரே குறியாயிற்று. 1937 ஏப்ரல் 26இல் ஸ்பெயின் நாட்டுக் குவெர்னிக்கா என்னும் ஊரை, சந்தை கூடும் நாளில், ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் எரித்தன. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பும், மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் ஜப்பானியக் குண்டுகளுக்கு இலக்காயின. சென்னை மக்கள் பெருந்திரளாக ஊரைவிட்டு வெளியேறினர். குண்டு வீசிய அந்த ஜப்பானே மூன்றாண்டில் குண்டுக்கு இரையாயிற்று. 1945 மார்ச் 9, 10ஆம் நாள்களுக்கு இடைப்பட்ட ஓரிரவில் தோக்கியோ நகரில் மாண்டோர் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். ஆகஸ்டு 6இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது. 9இல் நாகசாகியில் விழுந்தது. ஹிரோஷிமாவில் மட்டும் அவ்வாண்டு முடிவதற்குள் மாண்டோர் ஏறத்தாழ 1,40,000 பேர்.

நம் நாடும் இதற்கு விலக்கன்று. 1966 மார்ச்சில், மிசோ மக்களின் கிளர்ச்சியை அடக்குங்கால், இந்திய விமானப்படை ஐஜால் நகரின்மீது குண்டு வீசியது. தன் குடிமக்கள்மீதே ஓர் அரசு குண்டு வீசியது.

படைவீரனையும் பொதுமக்களையும் பிரித்தறியாமல் தாக்குவது கூடாது என 1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான கூடுதல் ஒப்பந்தம் வரையறுத்தது. எழுத்தில் அவ்வாறு இருக்கிறது. எழுத்தைக் காப்பது மனிதன் மனம். அது மாறாதவரை எழுத்து ஏட்டிலேயே கிடக்கும்.

2. நம் பாதையில் வெடித்தவை

இனி நம் நகருக்கு வருவோம். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாயில் நிகழ்ந்த மதக் கலவரங்களில் ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். தாராவியும் எரிந்தது. அதற்குப் பழி தீர்ப்பதாகச் சொல்லி 1993 மார்ச் 12 வெள்ளியன்று வரிசையாகக் குண்டுகள் வெடிக்கப்பட்டன. பங்குச் சந்தைக் கட்டடம், ஏர் இந்தியா கட்டடம், சவேரி பஜார், ஒர்லி, தாதரிலுள்ள பிளாசா திரையரங்கு முதலிய இடங்களில் 257 உயிர்கள் மாய்ந்தன. கலவரத்தில் கொன்றவர் எவரோ, குண்டில் செத்தவர் எவரோ! பழி வாங்கியவர்கள் குற்றவாளியைத் தேடவில்லை, கூட்டத்தைத் தேடினர்.

2003 மார்ச் 13இல் முலுண்டு நிலையத்தில் மின்வண்டியின் மகளிர் பெட்டியில் குண்டு வெடித்தது. நாம் நாள்தோறும் டோம்பிவிலிக்குத் திரும்பும் பாதை அதுவே. 2006 ஜூலை 11 மாலை மேற்கு ரயில் பாதையில், மாட்டுங்கா, மாஹிம் தொடங்கி மீரா ரோடு வரை, சில நிமிடங்களுக்குள் ஏழு குண்டுகள் வெடித்து 180க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளிலிருந்து ஏழை மக்கள் ஓடிவந்து, தாம் போர்த்தும் துணிகளிலேயே காயமுற்றோரைச் சுமந்து சென்றனர். யார் எந்தச் சாதி, எந்த மதம் என்று எவரும் கேட்கவில்லை. முதற் சீலத்தின் மறுபாதியாகிய கருணையை அன்று அம்மக்கள் கைகளால் ஓதினர்.

அவ்வழக்கின் பின்வரலாறும் நாம் கற்கத்தக்கது. 2015இல் சிறப்பு நீதிமன்றம் 12 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்து, ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. 2025 ஜூலை 21இல் பம்பாய் உயர்நீதிமன்றம் பன்னிருவரையும் விடுவித்தது; குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. மாநில அரசு உச்சநீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. இறந்தோரின் குடும்பங்கள் பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தும் ஆறுதல் பெறவில்லை. சிறையிலிருந்தோர் தம் இளமையை இழந்தனர். நீதிமன்றமே இத்துணை ஆண்டுகள் தடுமாறும் பொருளில், குண்டு வெடித்த அன்று மாலையே "இன்னாரே செய்தனர்" என்று தெருவில் நின்று தீர்ப்புக் கூறுவது எத்துணைப் பேதைமை!

3. நம் இரு பெயர்களாலும் நிகழ்ந்தவை

நிற்க. இதுவரை கூறியவற்றில் நாம் பார்வையாளராக நின்றோம். இனிக் கூறப்போவதில் அவ்வாறு நிற்க இயலாது. நாம் பிறப்பால் தமிழர். ஏற்றுக்கொண்ட நெறியால் பௌத்தர். இலங்கையில் இவ்விரு பெயர்களாலும் குண்டுகள் வெடித்தன.

1995 ஜூலை 9இல் யாழ்ப்பாணத்து நவாலியில், போருக்கு அஞ்சிப் புனித பேதுரு தேவாலயத்திலும் அதன் அருகிலும் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்கள்மீது இலங்கை விமானப்படை குண்டு வீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளிப்பதாகத் தன் அரசியல் சட்டத்தில் எழுதி வைத்துள்ள நாடு அது.

1996 ஜனவரி 31இல் விடுதலைப் புலிகள் கொழும்பு மத்திய வங்கியின்மீது வெடிமருந்து ஏற்றிய வண்டியை மோதினர். 91 பேர் மாண்டனர். அவ்வாண்டு ஜூலை 24இல் தெஹிவளையில், வேலை முடிந்து வீடு திரும்புவோர் நிறைந்த ரயில் வண்டியில் குண்டுகள் வெடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1998 ஜனவரி 25இல் கண்டியில் பகவன் புத்தரின் தந்ததாது பேணப்படும் தலதா மாளிகையின் வாயிலில் வெடிவண்டி மோதியது. அங்கும் குழந்தை உள்ளிட்ட உயிர்கள் மாய்ந்தன.

நவாலியைச் சொல்லும்போது குரல் உயர்ந்து, தெஹிவளையைச் சொல்லும்போது குரல் தாழுமாயின், நம்முள் பேசுவது இனப்பற்று. தலதா மாளிகைக்காகக் கண்ணீர் விட்டு, நவாலித் தேவாலயத்துக்காக ஒரு சொட்டும் விடாதவனிடம் பேசுவது மதப்பற்று. இரண்டும் பற்றே, எதுவும் தம்மம் அன்று. தமிழ்ப் பௌத்தனுக்கு ஒளிந்துகொள்ள ஒரு பக்கமும் இல்லை. இது நமக்கு நேர்ந்த இடர் என்று சிலர் எண்ணலாம். இரு பக்கத்துத் துயரையும் நம் துயராக உணர இது நமக்கு வாய்த்த தகுதி என்பதே நம் துணிபு.

4. தம்மத்தின் அளவுகோல்

கொலை என்னும் வினை முழுமை பெற ஐந்து உறுப்புகள் வேண்டும் என்று புத்தகோசர் முதலிய உரையாசிரியர்கள் வகுத்தனர். அவையாவன: ஓர் உயிர் இருத்தல், அஃது உயிர் என்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் சாவு நிகழ்தல்.

இவற்றுள் நடுநாயகமானது எண்ணம். பாலி மொழியில் இதனைச் சேதனா என்பர். 2016 மே 26இலும், 2024 மே 23இலும் நம் டோம்பிவிலித் தொழிற்பேட்டையில் இரசாயன ஆலைகள் வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டதை நாம் அறிவோம். நெடுந்தொலைவு வரை சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. ஓசை ஒன்றே, நெருப்பு ஒன்றே, சாவும் ஒன்றே. ஆயினும் அங்கே கொல்லும் எண்ணம் இல்லை. கவனக்குறைவும் பேராசையும் இருந்தால் அவற்றுக்கு வேறு கணக்கு உண்டு. மின்வண்டியில் வைத்த குண்டிலோ, எண்ணமே முதலில் பிறந்தது. குண்டு பின்னர்ப் பிறந்தது.

கொல்லும் வழிகளையும் உரையாசிரியர்கள் ஆறாக எண்ணினர். அவற்றுள் முதல் நான்கு நமக்கு இங்கே வேண்டியவை: தன் கையால் கொல்லுதல், பிறனை ஏவிக் கொல்லுதல், தொலைவிலிருந்து எறிந்து கொல்லுதல், குழியோ பொறியோ அமைத்து வைத்துவிட்டுக் கொல்லுதல். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய அவர்கள் விமானத்தைக் கண்டதில்லை, வெடிமருந்தையும் அறியார். ஆயினும் விமானத்திலிருந்து விழும் குண்டு எறிதலில் அடங்குகிறது. வண்டியில் ஒளித்த குண்டு பொறி வைத்தலில் அடங்குகிறது. மேசை முன் அமர்ந்து கட்டளையிடுபவன் செயல் ஏவுதலில் அடங்குகிறது. இளைஞர் கேட்ட வினாவுக்கு விடை இதுவே: வழி வேறு, வினை ஒன்று. கொடியும் சீருடையும் அப்பட்டியலில் இல்லை.

நாம் பருத்தி ஆலையில் பணிபுரிந்த நாளில் கண்ட ஒன்றை இங்கே உவமை கூறலாம். பஞ்சை உடைப்பவன் நூலைக் காண்பதில்லை. நூற்பவன் துணியைக் காண்பதில்லை. தறிக்காரன் அதை உடுத்துபவனைக் காண்பதில்லை. ஆயினும் துணி அவர்கள் அனைவர் கையாலும் ஆனது. குண்டும் அத்தகையதே. பணம் கொடுத்தவன், மருந்து கலந்தவன், சுமந்தவன், ஆணையிட்டவன், விசையை அழுத்தியவன் என ஒவ்வொருவனும் ஒரு பகுதியையே செய்கிறான். "நான் கொல்லவில்லை" என்று சொல்லிக்கொள்ள ஒவ்வொருவனுக்கும் ஒரு மறைவிடம் கிடைக்கிறது. அறிந்தே சேர்ந்தவன் எவனுக்கும் தம்மம் அம்மறைவிடத்தைத் தருவதில்லை.

5. சில ஐயங்கள்

"படைமுகாமையே குறிவைத்தோம், ஊரார் செத்தது தற்செயல்" என்பது முதல் ஐயம். இரவில் தெரியாமல் எறும்பை மிதித்தவனும், எறும்புப் புற்று என்று அறிந்தே கொதிநீர் ஊற்றியவனும் ஒருவரல்லர். சந்தை நாளில் சந்தையில் மக்கள் இருப்பர் என்பதும், மாலை வண்டியில் தொழிலாளர் இருப்பர் என்பதும் எவரும் அறிந்தவை. அறிந்தபின் தற்செயல் என்பது வெறும் சொல்.

"அப்படியாயின் கொடியவனை எதிர்க்கவே கூடாதா?" என்பது இரண்டாவது. பாபாசாகேப் அம்பேத்கர் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் இதற்கு வழி காட்டியுள்ளார். பகவன் அகிம்சையைக் கண்மூடிப் பின்பற்றும் விதியாக வைக்கவில்லை, வாழ்க்கைக் கோட்பாடாக வைத்தார் என்றும், கொல்ல வேண்டிய தேவை வேறு, கொல்லும் விருப்பம் வேறு என்றும் அவர் பிரித்துக் காட்டினார். நாஜிகளை எதிர்த்த போரை ஆதரித்தவர் அவர். 1942 முதல் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகவும் இருந்தார். ஆகவே கொடுமைக்கு முன் கைகட்டி நிற்பதைத் தம்மம் என்று நாம் சொல்லோம். ஆனால் இப்பிரிவினையை ஒழுங்காகப் பொருத்திப் பாருங்கள். ஓங்கிய வாளைத் தடுப்பதில் தேவை இருக்கலாம். ரயிலில் உறங்கும் குழந்தையைக் கொல்ல எந்தத் தேவை இருக்கிறது? கூட்டத்தின்மீது விழும் குண்டு தேவையின் எல்லைக்கு வெளியே விழுகிறது.

"அம்பர்நாத் படைக்கலத் தொழிற்சாலை போன்ற இடங்களில் கூலிக்கு உழைப்போர் நிலை என்ன?" என்பது மூன்றாவது. ஆயுத வாணிகம் உபாசகர்க்கு விலக்கப்பட்ட ஐந்து வாணிகங்களுள் ஒன்று. இதனை மறைக்க நமக்கு உரிமையில்லை. ஆயினும் வாணிகம் செய்து ஆதாயம் பெறுவோனும், வேறு வேலை கிட்டாமல் கூலிக்கு நிற்போனும் ஒரே தட்டில் நிறுக்கத்தக்கவர் அல்லர். அவ்வன்பரை நாம் பழியோம். தம் எண்ணத்தை அவரே ஆராய்வாராக. இயன்றபோது வேறு தொழிலுக்கு மாறுவாராக. பிள்ளைகளுக்கு வேறு கல்வி தருவாராக.

6. நாம் செய்யத்தக்கவை

சாக்கியரும் கோலியரும் ரோகிணி ஆற்று நீருக்காகப் போருக்கு அணிவகுத்தபோது, நீரின் விலை பெரிதா, மனிதக் குருதியின் விலை பெரிதா என்று பகவன் வினவியதாகப் பழங்கதை கூறும். அவர் இரு படைகளுக்கும் உறவினர். அதனாலேயே இருவரையும் கேட்க அவரால் முடிந்தது. நாமும் அவ்விடத்தில் நிற்கக் கடவோம். அதற்கான ஒழுக்கங்கள் நான்கு:

ஒன்று, எந்தக் குண்டுச் செய்தியைக் கேட்டாலும் மாண்டவர் எவர் என்று முதலில் கேட்டல். செய்தவர் எவர் என்பதைப் பின்னர்க் கேட்டல்.

இரண்டு, பகைவர் ஊரில் குண்டு விழுந்தது என்று மகிழாமை. மகிழ்ந்தவன் மனத்தளவில் அக்கொலைக்கு உடன்பட்டவனாகிறான்.

மூன்று, ஒருவன் செய்த கொலையை அவன் சமூகத்தின் தலையில் ஏற்றாமை. பிறப்பைக் காட்டி மனிதனை இழிவுபடுத்தும் கொடுமையை எதிர்த்தே நாம் தம்மத்தை ஏற்றோம். அதே கொடுமையை அண்டை வீட்டானுக்குச் செய்வோமாயின் நம் தீட்சை பொருளற்றதாகும்.

நான்கு, இடர் நேர்ந்த இடத்தில் குருதி தரவும், காயமுற்றோரைச் சுமக்கவும், அநாதையைப் பேணவும் முன்நிற்றல்.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. கொலையின் ஐந்து உறுப்புகள் யாவை? 1914 சென்னை, 1945 ஹிரோஷிமா இரண்டிலும் அவற்றைப் பொருத்திக் காட்டுக.

2. தொழிற்சாலை விபத்துக்கும் குண்டுவெடிப்புக்கும் தம்ம நோக்கில் உள்ள வேறுபாடு யாது?

3. நவாலியையும் தெஹிவளையையும் ஒரே குரலில் சொல்ல உங்களால் இயலுகிறதா? இயலவில்லையெனில் தடுப்பது எது?

மூன்றாம் வினாவுக்குப் பிறரிடம் விடை கூற வேண்டா. ஒவ்வொருவரும் தமக்குள் கூறிக்கொள்வதே போதும்.

சாது! சாது! சாது!