அக்கா மகளுக்கு ஒரு சீனப் பாடம்

அன்புள்ள பாப்பா,

சீன மொழித் தேர்வுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். பூம்பாறையில் இருந்துகொண்டு சீனம் எதற்கு என்று ஊரில் யாராவது கேட்டால், நம் குழந்தை வேலப்பர் கோயிலைக் காட்டு. அந்தச் சிலையையும் பழனி மூலவரையும் நவபாஷாணத்தில் செய்தவர் போகர், அவர் சீன தேசம் போய் வந்தவர் என்பது இந்த மலையின் நம்பிக்கை. நம்பிக்கை போதாது, சான்று வேண்டும் என்பவர்களுக்குச் சீனாவின் சுவான்சோ துறைமுக நகரில் கிடைத்த 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அதன் கடைசி வரி சீன எழுத்தில் உள்ளது. இன்றோ தைவானின் பாக்ஸ்கான் ஸ்ரீபெரும்புதூரிலேயே ஆலை நடத்துகிறது. இரண்டு மொழியும் தெரிந்த ஆளுக்கு நம் மாநிலத்திலேயே வேலை உண்டு.

நீ எழுதப்போவது எச்.எஸ்.கே. முதல் நிலை. பழைய ஆறு நிலைப் பாடத்திட்டப்படி அதற்கு 150 சொற்கள் போதும். கேட்டல் 20, வாசிப்பு 20 என மொத்தம் 40 கேள்விகள்; 200 மதிப்பெண்ணில் 120 எடுத்தால் தேர்ச்சி. எழுதவும் வேண்டாம், பேசவும் வேண்டாம். ஆனால் 2021-இல் ஒன்பது நிலைகள் கொண்ட புதிய தரநிலை வந்தது. அதில் முதல் நிலைக்கே 500 சொற்கள் வைத்தார்கள். ஆகவே பணம் கட்டுமுன் எந்தப் பாடத்திட்டத்தில் தேர்வு நடக்கிறது என்று பார்த்துக்கொள்.

கேட்டல் பகுதியில்தான் நம் பிள்ளைகள் மதிப்பெண்ணை விடுகிறார்கள். சொல் தெரியும், படமும் கண்முன் இருக்கும், ஆனால் காதில் விழுந்தது அந்தச் சொல்தான் என்று பிடிபடாது. காரணம் தொனி. சீனத்தில் நான்கு தொனிகள்: உயரத்தில் சமமாக நிற்பது, மேலே ஏறுவது, கீழே தாழ்வது, சட்டென விழுவது. 'மாய்' என்பதைத் தாழ்த்திச் சொன்னால் வாங்குவது, விழுத்திச் சொன்னால் விற்பது. வடுகபட்டிச் சந்தையில் மலைப்பூண்டு மூட்டையோடு நிற்பவருக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் தொனியைப் பாடநூல்கள் இறங்கி ஏறும் கோடாக வரைந்திருக்கும். ஓட்டமான பேச்சில் அது பெரும்பாலும் தாழ்ந்தே நிற்கும், ஏறாது. இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாக ஏறிவிடும். 'நி ஹாவ்' என்ற முதல் வணக்கத்திலேயே இது நடக்கிறது.

இன்னொன்று. நாம் கேள்வி கேட்கும்போது கடைசியில் குரலை உயர்த்துவோம். சீனத்தில் அப்படிச் செய்தால் கடைசிச் சொல்லின் தொனி கெட்டுவிடும். அங்கே கேள்வியைச் சுமக்க வாக்கியத்தின் முடிவில் 'மா' என்ற அசை இருக்கிறது, நம் 'மாணவியா' என்பதில் வரும் ஆகாரம் போல. கேட்கும் வேலையை அதனிடம் விட்டுவிட்டு மற்ற சொற்களை அதனதன் தொனியில் சொல்.

நாக்கு விஷயத்தில் நீ கொடுத்துவைத்தவள். சீன ஓசைகளை ஆங்கில எழுத்தில் குறிக்கும் முறைக்குப் பின்யின் என்று பெயர். 'பஸ்' என்று எழுத ஆங்கிலத்தில் போடும் முதலெழுத்தைப் பின்யினில் பார்த்தால் ஆங்கிலம்போல் அதிர வைக்காதே. அது நம் 'பாட்டி'யின் 'பா'தான். 'பென்' என்பதன் முதலெழுத்து வந்தால் அதே 'ப'வை மூச்சுக்காற்றைத் தள்ளிச் சொல்ல வேண்டும். வாய்க்கு முன் மெல்லிய தாள் ஒன்றைப் பிடித்துக்கொள். முதல் ஓசைக்குத் தாள் அசையக்கூடாது, இரண்டாவதற்குப் படபடக்க வேண்டும். தகரத்துக்கும் ககரத்துக்கும் இதே பயிற்சி. வேறு ஊர்க்காரர்கள் தடுமாறும் 'ழென்' (மனிதர்), 'ழெ' (சூடு) போன்ற சொற்களின் முதல் ஓசை நம் ழகரத்துக்கு மிக அருகில் இருப்பது. கூச்சப்படாமல் ழகரமாகவே சொல்.

இலக்கணம் உன்னைப் பயமுறுத்தாது. வினைச்சொல் ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப உருமாறாது. பதினொன்று என்பது 'பத்து ஒன்று', இருபது என்பது 'இரண்டு பத்து'. 'நான் நாளை பள்ளியில் சீனம் படிக்கிறேன்' என்பதைச் சீனர் 'நான் நாளை பள்ளியில் படி சீனம்' என்ற வரிசையில் சொல்வார். காலமும் இடமும் நம்மைப்போலவே வினைக்கு முன்னால் வருகின்றன. செயப்படுபொருள் மட்டும் பின்னால் போகிறது.

என் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. முதல் இரண்டு நிலைகளின் வினாத்தாளில் சீன எழுத்துக்கு மேலே பின்யின் அச்சிட்டிருக்கும். பிள்ளைகள் அதையே வாசித்துத் தேறிவிடுகிறார்கள், கீழே இருக்கும் எழுத்தைப் பார்ப்பதே இல்லை. மூன்றாம் நிலையில் பின்யின் போய்விடும். அங்கே நின்றுபோனவர்கள் பலர். ஆகவே தேர்வு கேட்காவிட்டாலும் முதல் நாளிலிருந்தே கட்டம் போட்ட நோட்டில் எழுது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்ற கோட்டு வரிசையை விடாதே. மரத்துக்கு நான்கு கோடு. இரண்டு மரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் காடு. வாசிக்கும்போது பின்யினை ஓர் அட்டையால் மறைத்துக்கொள்.

தைவான் நிறுவனங்களில் சேர்வதுதான் உன் நோக்கம் என்றால் தைவானின் சீன மொழித் தேர்வான டாக்ஃபிளையும் விசாரித்து வை. தைவானில் புழங்குவது கோடுகள் அதிகமுள்ள பழைய எழுத்து. சீனப் பெருநிலத்தில் சுருக்கிய எழுத்து. தொடக்கத்தில் இரண்டையும் கலக்காதே, ஒன்றைப் பிடித்துக்கொள்.

மாதிரி வினாத்தாள்களின் ஒலிக்கோப்புகளைக் கொடைக்கானலுக்கு வரும்போது இறக்கி வைத்துக்கொள். வீட்டில் சிக்னலை நம்பி உட்கார வேண்டாம். தேர்வில் ஒவ்வொன்றும் இரண்டு முறை ஒலிக்கும். நீ முதல் முறையிலேயே விடையைக் குறித்துவிட்டு, இரண்டாம் முறையைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்திப் பழகு. ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு 'மாய்', 'ழென்', 'ழெ' இவற்றை உன் குரலில் பதிந்து அனுப்பு. கேட்டுவிட்டு அன்றிரவே பேசுகிறேன்.

அன்புடன்,
மாமா