ராக்கெட் மறுபயன்பாடும் அரசின் முதலீடும்

ஐதராபாத் நகரின் தார்நாகாப் பகுதியிலுள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகம், ஹைட்ரசீன் ஹைட்ரேட் என்னும் சேர்மத்தை உள்நாட்டிலேயே தயாரிக்கும் முறையை உருவாக்கியுள்ளது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் எரியும் எரிபொருளில் கால் பங்கு இச்சேர்மமே. ஆயினும், ராக்கெட் ஏவுவதற்காகும் மொத்தச் செலவில் எரிபொருளின் பங்கு சொற்பமாகும். செலவின் பெரும்பகுதி எஞ்சின்களிலும் கூட்டிலும் அடங்கியுள்ளது. அவையோ சில நிமிடங்கள் இயங்கியபின் கடலில் வீழ்ந்து அழிகின்றன. அவற்றை மீட்டுப் பயன்படுத்தலாகாதா என்ற வினா எழுவது இயல்பே.

இது இயலும் என்பதை அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் மெய்ப்பித்தது. 2015 டிசம்பரில் அது ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதற் கட்டத்தைத் தரையிறக்கியது. 2017 மார்ச்சில், முன்பு பறந்த முதற் கட்டத்தை மீண்டும் பறக்கவிட்டது. எனினும் இதற்கும் விலையுண்டு. தரையிறங்குவதற்கென எரிபொருளை ஒதுக்க வேண்டியிருப்பதால் சுமக்கும் எடை குறைகிறது. மீட்ட கலத்தைச் சோதித்துச் செப்பனிடும் ஏற்பாடுகளை ஆண்டு முழுவதும் பேண வேண்டும். அடிக்கடி ஏவினால்தான் இச்செலவு கட்டுப்படியாகும்.

ஐரோப்பாவின் தயக்கத்துக்கு இக்கணக்கே அடிப்படை. 2014 டிசம்பரில் லக்சம்பர்க்கில் கூடிய அமைச்சர்கள், ஒரே முறை பயன்படும் ஆரியான் 6 ராக்கெட்டுக்கு ஒப்புதலளித்தனர். ஃபால்கன் தரையிறங்கியது அதற்கு அடுத்த ஆண்டுதான்! ஆண்டுக்குப் பத்து ஏவுதல்களே உறுதியாயிருக்க, ஒரு ராக்கெட்டைப் பத்து முறை பயன்படுத்தினால், ஆலைக்கு ஆண்டில் ஒரு ராக்கெட் செய்யும் வேலைதான் இருக்கும் என்று ஆரியான் குழுமத்தின் அப்போதைய தலைவர் அலைன் சார்மோ 2018-இல் சுட்டிக் காட்டினார். உறுப்பு நாடுகள் அளிக்கும் நிதிக்கு ஏற்ப அந்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு வேலை ஒதுக்கும் ஐரோப்பிய விண்வெளி முகமையின் முறையில், இது அரசியல் சிக்கலுமாகும். 2024 ஜூலையில்தான் ஆரியான் 6 முதன்முதலாகப் பறந்தது. அதற்கு முன்பே, 2023 நவம்பரில், ஆண்டுக்கு 34 கோடி யூரோ வரை மானியம் வழங்க அரசுகள் உடன்பட்டிருந்தன. அண்மைக் காலத்தில் போக்கு சற்று மாறியுள்ளது. 2025 ஜூலையில் ஐந்து தனியார் நிறுவனங்கள் முதற்கட்டமாகத் தேர்வு செய்யப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் 16.9 கோடி யூரோ வரை வழங்கும் இத்திட்டத்தில், அரசு ஏவுதல் சேவையை வாங்குபவராகவும் அமைகிறது.

இந்தியாவும் இதே கணக்கைப் போட வேண்டியுள்ளது. சிறகமைந்த சோதனைக் கலம் 2023 ஏப்ரல் தொடங்கி 2024 ஜூன் வரை மும்முறை சித்திரதுர்காவில் ஓடுபாதையில் தானே இறங்கிக் காட்டியது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை, முதற் கட்டத்தை மீட்டுப் பயன்படுத்தத்தக்க அடுத்த தலைமுறை ஏவுகலத்துக்கு 8,240 கோடி ரூபாய் ஒதுக்கியது. எல்.வி.எம். 3-ஐ விட மும்மடங்குச் சுமையை ஒன்றரை மடங்குச் செலவில் ஏற்றுவது நோக்கம். ஐதராபாத்தின் ஸ்கைரூட் நிறுவனம் உருவாக்கிய விக்ரம் 1 வேறு வகையானது. அதன் முதல் மூன்று கட்டங்களும் திட எரிபொருளால் இயங்குபவை. பற்றவைத்தபின் அணைத்து, மீண்டும் இயக்கித் தரையிறக்க இயலாதவை. சிறு ராக்கெட்டுக்கு இத்தேர்வு தவறன்று.

2024-ஆம் ஆண்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிகழ்ந்த சுற்றுப்பாதை ஏவுதல்கள் ஐந்து. அதே ஆண்டில் ஃபால்கன் ராக்கெட்டுகள் 130 முறைக்கு மேல் ஏவப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை அந்நிறுவனத்தின் சொந்த இணையச் செயற்கைக்கோள்களையே சுமந்தன. வாடிக்கையாளரை அது தானே உண்டாக்கிக்கொண்டது எனலாம். 2035-இல் அமையவிருக்கும் பாரதிய அந்தரிக்ஷ நிலையத்துக்கான பயணங்களும், அரசுத் துறைகள் முன்கூட்டியே உறுதியளிக்கும் ஏவுதல்களும் எத்தனை என்பதைப் பொறுத்தே, மீட்ட முதற் கட்டம் ஆண்டில் எத்தனை நாள் பணிமனையில் காத்திருக்கும் என்பது அமையும்.